முதலில் மேசை, பிறகே வெல்டிங் யந்திரம்

சில ஆண்டுகளாக நம் ஊர்ப்புறங்களில் ஒரு மாறுதலைக் கண்டு வருகிறேன். தறிக்கொட்டகை வைத்திருப்பவராயினும் சரி, நான்கு ஏக்கர் வாழை வைத்திருப்பவராயினும் சரி, வீட்டில் ஒரு சிறிய வெல்டிங் யந்திரம் வந்து சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் இருவர் கூடித் தூக்க வேண்டியிருந்த பழைய டிரான்ஸ்பார்மர் பெட்டி இருந்த இடத்தில், தோளில் மாட்டிச் செல்லத்தக்க இன்வெர்ட்டர் யந்திரம் இருக்கிறது. வீட்டு மின்சாரத்திலேயே அது வேலை செய்கிறது. இதை நான் குறையாகக் கூறவில்லை. முறிந்த மிதிகட்டைக் கம்பியையோ, விட்டுப்போன கலப்பைக் கொழுத் தாங்கியையோ பற்றவைக்க ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு டவுனுக்கு ஓட வேண்டியதில்லை என்பது பெரிய நன்மைதான். ஆயினும் நான் சென்று பார்த்த வீடுகளில் ஒன்றிரண்டைத் தவிர மற்றெங்கும், யந்திரம் இருக்கிறது, மேசை இல்லை. வேலை நடப்பது வாசற்படியில், களத்து மேட்டில், அல்லது கவிழ்த்துப்போட்ட டீசல் பீப்பாயின் மேல்.

யந்திரம் வாங்குவதற்கு முன் மேசையைச் செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. மேசை செய்யவே யந்திரம் வேண்டுமே என்று உடனே கேட்பார்கள். யந்திரத்தை ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம். நூறு கிலோ மேசையை எவரும் இரவல் தர மாட்டார்கள்.

இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன், கிணற்று மேட்டில் இருந்த மோட்டாருக்கும் பம்புக்கும் பொதுவான அடிச்சட்டம் துருவேறிப் போயிற்று. சேனல் வாங்கி நானே புதியதொன்று செய்தேன். களத்துத் தரையில் நான்கு செங்கல் வைத்து, அவற்றின்மேல் துண்டுகளைப் பரப்பி, மூலைகளைப் பற்றவைத்தேன். கண்ணுக்கு அழகாகவே இருந்தது. காங்கிரீட் மேடையில் வைத்தபோது ஒரு மூலை சிறிது ஆடியது. போல்ட்டை இறுக்கினால் சரியாகிவிடும் என்று இறுக்கினேன். சட்டம் வளைந்து கொடுத்து உட்கார்ந்தது. அதோடு மோட்டார்த் தண்டும் பம்புத் தண்டும் ஒரே நேர்க்கோட்டில் இல்லாமற் போயின. மூன்றாம் வாரத்தில் கப்ளிங் ரப்பர் கருகிப் பொடியாக உதிர்ந்தது. அடுத்து பேரிங் போயிற்று. வாழை குலை தள்ளும் பருவத்தில் எட்டு நாள் தண்ணீர் இல்லை. அந்த எட்டு நாளில் நான் இழந்தது ஒரு நல்ல மேசையின் விலையைவிட அதிகம். பிழை யந்திரத்தினுடையதன்று, ராடினுடையதன்று. நான் வேலை செய்த தரையினுடையது. தரையைத் தேர்ந்தவன் நான் என்பதால் என்னுடையதே.

நெசவாளர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. தறியின் நான்கு கால்களும் மூலைமட்டத்துக்கு நில்லாவிட்டால், படமரம் ஒரு பக்கம் அரை விரல் தாழ்ந்திருந்தால், எத்தனை கைத்திறன் இருந்தும் துணி கோணலாகவே வரும். குழித்தறியின் கால்களை மண்ணில் நட்டு அசையாமல் நிறுத்திய நம் முன்னோர் இந்த நுட்பத்தை அறிந்தவர்கள். கொல்லரும் அப்படியே. அவர் தரையில் குந்தி வேலை செய்கிறாரே, அவருக்கு மேசை ஏது என்று சிலர் என்னிடம் வாதாடியதுண்டு. அவருடைய பட்டடையைப் போய்ப் பாருங்கள். கனத்த மரக்கட்டையில் இறக்கி, அந்தக் கட்டையையும் மண்ணில் புதைத்திருப்பார். அசையாத, கனமான, மேல்முகம் சமமான ஒன்றின்மேல்தான் அவர் அடிக்கிறார்.

பற்றவைப்பு வேலைக்கு இந்தச் சமதளம் இன்னும் ஒரு படி அதிகமாகத் தேவைப்படுகிறது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்குகிறது. சுருங்கும்போது இரு பக்கத்துத் துண்டுகளையும் தன் பக்கம் இழுக்கிறது. செவ்வையாக மூலைமட்டம் பிடித்து வைத்த துண்டு, ஒரு பக்கம் மட்டும் ஓட்டிய தையல் ஆறியவுடன் அந்தப் பக்கமாகச் சாய்ந்து நிற்பதைச் செய்து பார்த்தவர்கள் அறிவார்கள். இந்த இழுப்பை முற்றிலும் தடுக்க முடியாது. துண்டைக் கனமான தளத்தோடு கிளாம்ப் போட்டு இறுக்கி, நான்கு புறமும் சிறு புள்ளிகளாக முதலில் பிடிக்க வைத்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி ஓட்டினால் பெருமளவு அடக்கலாம். செங்கல்லோடு கிளாம்ப் போட முடியுமா?

இனி மேசையைப் பற்றி. கடைகளில் கால் மடக்கக்கூடிய மேசைகள் கிடைக்கின்றன. மேலே 3 மி.மீ. தகடு, கீழே மெல்லிய குழாய். அவற்றை வாங்க வேண்டாம் என்பதே என் யோசனை. தகட்டின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்கிறது. கனத்தை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு ஆகும், 3 மி.மீ. தகட்டுக்கும் 12 மி.மீ. தகட்டுக்கும் உள்ள வேறுபாடு 64 மடங்கு. மெல்லிய தகடு முதல் கோடையிலேயே சூட்டால் கிண்ணம்போல் குழிந்துவிடும். கிண்ணத்தின்மேல் செய்யப்படும் கதவு கதவாக இராது.

வீட்டுப் பட்டறைக்கு 1200 மி.மீ. நீளமும் 600 மி.மீ. அகலமும் போதும். இந்த அளவில் 12 மி.மீ. முழுத் தகடு ஏறத்தாழ 68 கிலோ, 10 மி.மீ. ஆனால் 56 கிலோவுக்குச் சற்று மேல். முழுத் தகடே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நான் பரிந்துரைப்பது வேறு. 75 மி.மீ. அகலமும் 12 மி.மீ. கனமும் உள்ள பட்டை ஆறு, ஒவ்வொன்றும் 1200 மி.மீ. நீளம். இவற்றை நீளவாட்டில், இடையே 30 மி.மீ. சந்து விட்டுப் பரப்பினால் ஆறு பட்டைகளும் ஐந்து சந்துகளுமாகச் சரியாக 600 மி.மீ. வரும். எடை 51 கிலோ. முழுத் தகட்டைவிட 17 கிலோ மிச்சம் என்பது ஒரு புறமிருக்க, சந்துக்குள் கிளாம்பின் தாடையை விட்டு மேசையின் நடுவிலும் துண்டை இறுக்கலாம். முழுத் தகட்டில் விளிம்பில் மட்டுமே அது முடியும். பெரிய தொழிற்சாலைகளில் 16 மி.மீ. அல்லது 28 மி.மீ. துளைகளை வரிசை வரிசையாகப் போட்ட மேசைகளை வைத்திருக்கிறார்கள். அவை அருமையானவைதாம், கையால் டிரில் செய்து அத்தனை துளை போட நம்மில் யாருக்குப் பொழுது இருக்கிறது? மேலும் ஒரு பட்டை வெட்டுப்பட்டுக் கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். சிறு நட்டுகள் சந்தில் விழுந்துவிடுமே என்பது உண்மையான குறைதான். கீழே ஒரு தட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நான் பழைய எண்ணெய் டின்னின் தகட்டை விரித்து வைத்திருக்கிறேன்.

சட்டத்துக்கும் கால்களுக்கும் 50 மி.மீ. சதுரக் குழாய், சுவர்க் கனம் 3 மி.மீ. மேல்சட்டம், அதனிடையே இரண்டு குறுக்குச் சட்டம், நான்கு கால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கீழ்ச்சட்டம் எல்லாம் சேர்ந்து 11 மீட்டருக்குள் அடங்கும். 6 மீட்டர் நீளக் குழாய் இரண்டு வாங்கினால் போதும். இதன் எடை 50 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக மேசை மொத்தம் நூறு கிலோவை ஒட்டி நிற்கும். கீழ்ச்சட்டத்தில் பலகை போட்டு உளி, சம்மட்டி, இரும்புத் துண்டுகள் என்று கனமானவற்றை அடுக்கிவிட்டால், வைஸில் கம்பியைப் பிடித்து முழுப் பலத்தோடு வளைத்தாலும் மேசை நகராது.

புது இரும்புதான் வேண்டும் என்பதில்லை. காயிலான் கடையில் இடிபட்ட கட்டடங்களின் சேனலும் ஆங்கிளும் நல்ல நிலையில் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கை மட்டும் சொல்வேன். தண்டவாளத் துண்டு பட்டடைக்கு மிகவும் ஏற்றது. ஆனால் ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரயில்வே ஏலத்தில் எடுத்ததற்குச் சீட்டு இருந்தாலொழியத் தொட வேண்டாம். மற்றொன்று, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய். அதன்மேல் பற்றவைத்தால் வெண்புகை எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் காணும். மலேரியாவோ என்று மயங்குவார்கள். பூச்சைச் சுத்தமாகத் தேய்த்து நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், புகை முகத்தில் படாதபடி வேலை செய்ய வேண்டும்.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேசை எல்லோருக்கும் ஒரே உயரமாக இருக்கலாகாது. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கைக்குக் கீழே நான்கு முதல் ஆறு அங்குலத்தில் மேசை முகம் இருக்கட்டும். நம்மில் பெரும்பாலோருக்கு அது 850 முதல் 900 மி.மீ.க்குள் அமையும். வைஸின் தாடை மட்டும் முழங்கை மட்டத்துக்கு வரலாம். அரம் போட அதுவே வசதி. குனிந்து குனிந்து முப்பது ஆண்டு வேலை செய்தவர்களின் முதுகை நாம் தறிமேட்டிலும் வயலிலும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்போது மிகக் கடினமான கேள்விக்கு வருகிறேன். சமமான மேசையைச் செய்யச் சமமான தளம் வேண்டும். அந்தத் தளம் இல்லாததால்தானே மேசை செய்கிறோம்? இதே கேள்வி இங்கிலாந்தில் யந்திரத் தொழில் தோன்றிய காலத்திலும் எழுந்தது. ஜோசப் விட்வர்த் என்னும் பொறியாளர் 1840-இல் அதற்குரிய முறையை அறிஞர் சபையில் எடுத்துரைத்தார். இரண்டு தகடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சுரண்டினால் ஒன்று குழியாகவும் மற்றது மேடாகவும் பொருந்திவிடக்கூடும். மூன்று தகடுகளை எடுத்து, ஒன்றை மற்ற இரண்டோடும், அவ்விரண்டையும் தமக்குள்ளும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் மூன்றும் சமமானாலொழியப் பொருந்தா. வேறொரு சமதளத்தின் துணையின்றியே சமதளம் பிறக்கும் வகை அது. நமக்கு அத்தனை நுட்பம் தேவையில்லை. ஆனால் ஒன்றை ஒன்றால் சோதிக்கும் அந்தப் புத்தி வேண்டும்.

ரசமட்டத்தையே முதலில் சோதியுங்கள். ஓரிடத்தில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, முனை மாற்றித் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழி அதே குறியில் நின்றால் மட்டம் மெய் சொல்கிறது. இல்லையேல் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு நேரான சேனல் துண்டு இரண்டைத் தரையில் இணையாகப் போட்டு, அடியில் தகட்டுத் துண்டு செருகி, நீளவாட்டிலும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் குறுக்காகவும் மட்டம் பிடிக்க வேண்டும். அவற்றின்மேல் பட்டைகளை முகம் கீழாகக் கவிழ்த்துப் பரப்பி, அதன்மேல் சட்டத்தைக் கட்ட வேண்டும். அதாவது மேசை தலைகீழாகப் பிறக்கிறது. நல்ல முகம் மட்டம் பிடித்த சேனலில் படிந்திருப்பதால், குழாயின் சிறு கோணல்கள் பின்பக்கத்தில் அடங்கிவிடும். இடைவெளி தெரியுமிடத்தில் மெல்லிய தகடு செருகலாம்.

சட்டம் மூலைமட்டமாக இருக்கிறதா என்று அறிய இரு மூலைவிட்டங்களை அளந்தால் போதும். 1200-க்கு 600 சட்டத்தில் இரண்டும் 1341 அல்லது 1342 மி.மீ. காட்ட வேண்டும். இரண்டும் சமமாயிருந்தும் சட்டம் முறுகியிருக்கலாம். என் பம்புச் சட்டத்தில் நேர்ந்தது அதுவே. இதற்கு நூல் சோதனை உண்டு. நான்கு மூலையிலும் ஒரே கனமுள்ள துண்டு வைத்து, எதிரெதிர் மூலைகளுக்கு இரண்டு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நடுவில் அவை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் முத்தமிட வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தள்ளினாலோ, இடையில் வெளிச்சம் தெரிந்தாலோ முறுக்கு இருக்கிறது. மேல் நூலைக் கீழாகவும் கீழ் நூலை மேலாகவும் மாற்றி மறுபடி பாருங்கள். பாவு நூலின் விறைப்பை விரலால் உணரும் நெசவாளருக்கு இந்தச் சோதனை என்னைக்காட்டிலும் நன்றாகக் கைவரும்.

சட்டத்தின் மூலைகளை 3.15 மி.மீ. ராடு கொண்டு, 90-க்கும் 120-க்கும் இடைப்பட்ட ஆம்பியரில் பற்றவைக்கலாம். 3 மி.மீ. சுவர் உருகி ஓட்டையாகிறதென்றால் 2.5 மி.மீ. ராடுக்கு இறங்கி 70, 80 ஆம்பியரில் வையுங்கள். ஆனால் பட்டைகளைச் சட்டத்தோடு முழுநீளத் தையலாக ஓட்டிவிடாதீர்கள். இது நான் செய்த இரண்டாவது பிழை. என் முதல் மேசையின் மேல்தகட்டைச் சுற்றிலும் அழகாகத் தையல் போட்டேன். காலையில் வந்து நேர்விளிம்பு வைத்துப் பார்த்தால் நடுவில் 3 மி.மீ. மேடு. அதை மீண்டும் அறுத்தெடுக்க இரண்டு நாளும் பல கிரைண்டர் வட்டும் செலவாயின. ஒவ்வொரு பட்டையையும் குறுக்குச் சட்டம் தாங்குமிடத்தில் அடிப்புறமாக ஓர் அங்குலம் மட்டும் பிடித்து, ஆறவிட்டு, அடுத்ததை எதிர்ப்பக்கத்தில் பிடிக்க வேண்டும். அதைவிட மேலானது போல்ட் போட்டு முடுக்குவது. பின்னால் எந்தப் பட்டை தாழ்ந்தாலும் தகடு செருகி உயர்த்தலாம்.

கால்களின் அடியில் கனத்த நட்டு ஒன்றைப் பற்றவைத்து, 16 மி.மீ. போல்ட்டைப் பாதமாக முடுக்கிவிட்டால், சாணி மெழுகிய தரையானாலும் நான்கு காலும் ஊன்றும்படி திருகிக்கொள்ளலாம். சக்கரம் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. மேசை நகர வேண்டிய நாள் ஆண்டில் இரண்டு. அசையாமல் நிற்க வேண்டிய நாள் மற்றெல்லாம்.

காலில் ஒரு சிறு தகட்டைப் பற்றவைத்து, எர்த் கிளாம்பை எப்போதும் அதில் மாட்டுங்கள். மேல்முகத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம், மின்சாரம் தடைப்படும். வேலை முடிந்ததும் பொறித்துகளைச் சுரண்டிவிட்டு யந்திர எண்ணெயோ தேங்காயெண்ணெயோ மெல்லப் பூசினால் துரு ஏறாது. எர்த்தைப் பற்றி இன்னொன்று: சுழலும் தண்டுள்ள பாகத்தைப் பற்றவைக்கும்போது ஒரு முனையில் எர்த்தும் மறுமுனையில் ராடும் இருந்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளில் குழி விழச் செய்யும். கூடுமானவரை பாகத்தைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது இதனாலும்தான். கழற்ற இயலாதபோது பற்றவைக்கும் இடத்துக்கு அருகிலேயே எர்த்தை மாட்ட வேண்டும்.

டீசல் பீப்பாயின்மேல் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. காலிப் பீப்பாயில் எண்ணெய் இல்லை, ஆவி இருக்கிறது. ஒரு பொறி உள்ளே புகுந்தால் மூடி வானத்தில் பறக்கும். பூச்சி மருந்து டப்பாவும் அப்படியே.

மேசையைத் தறிக்கொட்டகைக்குள் வைக்கக் கூடாது என்பதை நெசவாளர்கள் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளத் தகும். தறியின் கால்களிலும் உத்தரத்திலும் படிந்திருக்கும் பஞ்சுத் துகளுக்கு ஒரு பொறி போதும். வெல்டிங் பொறி 35 அடி வரை சென்று விழக்கூடும் என்று கொண்டே தொழிற்சாலைகளில் விதி வகுத்திருக்கிறார்கள். வேலை முடிந்த பின்னும் ஒரு மணி நேரம் யாராவது காத்திருந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். பஞ்சு புகையாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று பின்னர்ப் பற்றும். கொட்டகைக்கு வெளியே, கூரை உயர்ந்த, மூன்று பக்கம் திறந்த இடமே ஏற்றது. பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். நம் கைத்தறித் துணிக்கு இது ஒரு சிறு பெருமை. வேட்டி மட்டும் வேண்டாம். முழுக்கால் சட்டையும் தோல் செருப்புக்குப் பதிலாக மூடிய பூட்ஸும் வேண்டும்.

கண்ணைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். என் தங்கை மகன், பன்னிரண்டு வயதுப் பையன், நான் வேலை செய்வதை வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு 11-ஆம் எண் கண்ணாடி இருந்தது. அவனை நான் கவனிக்கவில்லை. நள்ளிரவில் கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் இருக்கிறதென்று அலறினான். ஒளி பட்ட சில மணி நேரம் கழித்தே இந்த வலி காணும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அவனுக்கும் ஆறியது. தாய்ப்பால் விடலாம் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேளாமல், விடிந்ததும் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவன் வீட்டில் நால்வரும் தறியில் பிழைப்பவர்கள். அறுந்த இழையைக் கண்டு முடியும் கண்தான் அவர்கள் முதலீடு. தரையில் வேலை செய்கையில் ஒளி நாற்புறமும், அதுவும் குழந்தையின் கண் மட்டத்திலேயே, பரவுகிறது. மேசை இருந்தால் அதன் மூன்று பக்கமும் தகரத் தடுப்பு நிறுத்த இடமுண்டு. அன்று அந்தத் தடுப்பு இருந்திருக்குமானால் பையன் நிம்மதியாக உறங்கியிருப்பான்.

செலவு தாங்காது என்பவர்கள் தெருவில் நாலு வீட்டார் கூடி ஒரு மேசை செய்துகொள்ளலாம். ஒருவர் வீட்டுக்குள் வைத்தால் மனத்தாங்கல் வரும். பொதுக் கொட்டகை ஒன்றில் வைக்க வேண்டும். சங்கங்களும் இதைக் கருதிப் பார்க்கலாம். பாசனத்துக்காகத் தரப்பட்ட இலவச மின் இணைப்பிலிருந்து மட்டும் கம்பி இழுக்காதீர்கள். அது பாசனத்துக்கே உரியது. வீட்டு ஒயரிங்கும் யந்திரத்தின் இழுப்பைத் தாங்குமா என்று மின்பணியாளரைக் கொண்டு முன்னதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

என் இரண்டாவது மேசை இப்போது மாட்டுக் கொட்டகைக்கு அடுத்த சாய்ப்பில் நிற்கிறது. ஆறு பட்டைகளில் நான்காவது மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் தாழ்வு. தகடு செருக வேண்டும், இன்னும் செருகவில்லை. பம்புக்குப் புதிய அடிச்சட்டத்தை அதன்மேல்தான் செய்தேன். சென்ற சித்திரையில் மூன்று போகம் தண்ணீர் இறைத்த பின் கப்ளிங்கைக் கழற்றிப் பார்த்தேன். ரப்பரில் கம்பெனி முத்திரை அழியாமல் இருந்தது.